ஸ்காட்லாந்துக்காரருக்கு ஒரு நாதஸ்வரம்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு அன்று இல்லை. (இன்றும் குறைவுதான்.) தொண்ணூறுகளின் நடுவில் யாங்கூனில் ஒரு சுற்றுலா நிறுவனம் என்னைத் தற்காலிக வழிகாட்டியாகச் சேர்த்தது. வேலை நிரந்தரமானால் தன் மகளைத் தருவதாக நிறுவனத்தின் கார் ஓட்டுநர் ரத்தினம் மாமா சொல்லியிருந்தார். ஆக, முதல் விருந்தாளியின் முகம் மலர்வதில் என் கல்யாணமே தொங்கிக்கொண்டிருந்தது.

வந்தவர் ஸ்காட்லாந்துக்காரர், எழுபதைத் தாண்டிய கிழவர். இங்கே இறந்துபோன தன் அப்பாவின் கல்லறையைப் பார்க்க வேண்டும் என்றார். ஸ்காட்லாந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டைச் சலூனில் தொங்கிய விஸ்கி காலண்டர். அதில் கட்டம் போட்ட பாவாடை கட்டிய மீசைக்காரர் ஒருவர் தோல்பையை அணைத்துக் குழல் ஊதிக்கொண்டிருப்பார். அந்த நாட்டு ஆண்களெல்லாம் பல் துலக்கியதும் அப்படித்தான் ஊதுவார்கள் என்று முடிவு செய்தேன்.

வெளிநாட்டு விருந்தாளிக்கு வரவேற்பு என்று சொல்லி, கோயில் நாதஸ்வரக்காரரைக் கல்லறை இருந்த இடத்துக்கு முன்கூட்டியே அனுப்பிவைத்தேன். புதர் மண்டிக் கிடந்ததால் அவர் அந்த இடத்தைத் தோட்டம் என்றே நினைத்திருக்கிறார். நானோ சிவப்புக் கட்டம் போட்ட கைலியை முழங்காலுக்கு மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன்.

கிழவர் தேடிக் கண்டுபிடித்து, மண்டியிட்டு, கல்லின் பாசியைக் கைக்குட்டையால் துடைத்தார். நான் கையசைத்தேன். புதருக்குப் பின்னாலிருந்து கல்யாண ஊஞ்சல் பாட்டு கிளம்பியது.

மாமா காரிலிருந்து இறங்கி ஓடி வந்தார். "மங்கள வாத்தியத்த சுடுகாட்டுக்கா கொண்டாந்தே? பெரியவரு அழுவுறாரு. மொதல்ல கைலிய எறக்கி விடு."

கிழவர் என் முழங்காலைப் பார்த்தார். "என் அப்பா கப்பலில் இயந்திரம் பழுதுபார்த்தவர். எண்ணெய்க் கறை படிந்த கால்சட்டைதான் போட்டிருப்பார். அவர் சாகும்போது எனக்கு நாலு வயது, முகம்கூட நினைவில்லை. பத்து நிமிடம் அவரோடு சும்மா இருக்கலாம் என்றுதான் வந்தேன்" என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்.

அவர் புகார் எதுவும் செய்யவில்லை. மாமாதான் அலுவலகத்தில் சொன்னார். வேலை போனது. மகளைத் தின்கன்ஜூன் பேட்டையில் ஒரு பள்ளி ஆசிரியருக்குக் கொடுத்தார்.

பிறகு எனக்கு வாய்த்த மனைவி, வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லி, "அன்னிக்கி அந்த வெள்ளைக்காரரு ஒரு சிரிப்பு சிரிச்சிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்பாள். பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

அவளிடம் சொல்லாத ஒன்று உண்டு. அந்தப் பத்து நிமிடம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. கல்லறைக்குப் பக்கத்திலேயே நின்று, பெண்ணைக் கொடுங்கள் என்று நான் மாமாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். கிழவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எழுந்து போய்க் காரில் உட்கார்ந்துவிட்டார்.