கொயினா அக்காவும் என் கன்னத்துப் பஞ்சும்

பேராக் மாநிலம் முழுவதிலும் கொயினா அக்காவை ஏமாற்றிய மனிதப் பிறவி ஒன்றே ஒன்றுதான். அந்தப் பிறவி நான். பெருமையாகச் சொல்லவில்லை, சொல்லும்போது இன்றைக்கும் நாக்கு கசக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில் பத்து காஜா டவுனிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தேன். இங்கிலீஷ் தெரியும், மீசை இருந்தது. இரண்டையும் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம். அங்கே பொழுது விடிவதே ஒரு கனவு. கித்தா என்ற ரப்பர் மரங்களுக்கு நடுவே பனி இடுப்பளவு நிற்கும். விடியற்காலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு வரும் ஆட்கள் கால் இல்லாமல் மிதந்து வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் புடவையும் ஒரு பித்தளைக் குவளையும் தாமாகவே மிதந்து வரும். குவளைக்குள் மலேரியாவுக்கான கொயினா மருந்து; புடவைக்குள் அக்கா.

வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருவர் வாயிலும் ஊற்றுவார். ஊற்றியதும் பேர், ஊர், அப்பா பேர் மூன்றையும் உரக்கச் சொல்ல வேண்டும். மருந்தை வாயில் அடக்கி வைத்திருப்பவனால் சொல்ல முடியாது. சொன்ன பிறகுதான் நோட்டில் அவன் பேருக்கு நேரே கோடு. மாமியார் செத்த செய்தி வந்த காலையில் கங்காணி பேச்சு வராமல் விம்மிக்கொண்டு நின்றார். "அழுவுங்கண்ணே, வேணாங்கல. முழுங்கிட்டு அழுவுங்க" என்றார் அக்கா.

அவர் களை பிடுங்க வந்தவர். காய்ச்சலில் டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைத்து எழுந்தவர் அங்கேயே மூன்று வருஷம் ஒரு வெள்ளைக்கார மேட்ரனுக்குக் கீழே வேலை கற்றுக்கொண்டு, அந்த அம்மாளின் முக்கால்வாசி முறைப்போடு தோட்டத்துக்குத் திரும்பினார். எங்கள் எட்டுக் கட்டில் ஆஸ்பத்திரியில் படுத்தால் பிணமாகத்தான் வெளியே வரலாம் என்பது ஆட்கள் குடியிருக்கும் லயத்து நம்பிக்கை. ஆகவே நோயாளிகள் ஓடிவிடுவார்கள். அக்காவும் கூடவே ஓடுவார், அவசரப்படாமல், ஓடியவன் மயங்கி விழும்வரை. பிறகு உட்கார்ந்து நாடி பிடிப்பார். படுக்கை விரிப்பில் சுருக்கம் தெரிந்தால் சாகக் கிடப்பவனையும் புரட்டிவிட்டு மறுபடி விரிப்பார்.

ஒருநாள் தோட்டத்துத் தொரை வார்டைப் பார்வையிட வந்தார். வாசலிலேயே அக்கா மருந்துத் தண்ணீர்ப் பேசினை நீட்டினார்.

"கையக் களுவிட்டு வரச் சொல்லுங்க, கிராணியாரே."

"அக்கா, அவரு தொரை."

"கையில ஒட்டிருக்கிற பூச்சிக்கு அது தெரியாது லா."

தொரை கழுவினார். ஆனால் மறக்கவில்லை. ஈப்போவிலிருந்து மருந்து கட்டும் சர்டிபிகேட் உள்ள ஆண் டிரெசர் ஒருவரை வரவழைக்க முடிவு செய்தார். அடுத்த முறை டவுன் டாக்டர் சோதனைக்கு வரும்போது அக்காவின் வேலையில் ஒரு குற்றம் தெரிந்தால் போதும், மறுபடியும் களைக்கொத்துதான். அதற்கான கடிதத்தை டைப் அடித்தவன் நான். அக்காவிடம் ரகசியமாகச் சொன்னேன்.

"குடுக்காம நான் ஒரு கோடும் போட்டதில்ல. என்னத்துக்குப் பயம்?" என்றார்.

பயம் எனக்குத்தான். ஏனென்றால் ஒரு மாதமாக அந்த நோட்டில் என் பேருக்கு நேரே இருந்த கோடுகள் அத்தனையும் பொய். கசப்புக்குப் பயந்து கன்னத்துக்குள் ஒரு பஞ்சுருண்டையை அடக்கிக்கொள்வேன். கொயினா அதில் ஊறிவிடும். பேர், ஊர், அப்பா பேர் மூன்றையும் மணிமணியாகச் சொல்லிவிட்டு, ஆபீஸ் பின்பக்கம் போய்த் துப்புவேன். பஞ்சு அக்காவின் ஆஸ்பத்திரிப் பஞ்சு என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

டாக்டர் வருவதற்கு இரண்டு நாள் முன்பு எனக்குக் குளிர் கண்டது. என் பற்கள் அடித்துக்கொண்ட சத்தத்தைப் பெரிய கிராணி டைப்ரைட்டர் என்று நினைத்திருக்கிறார். செத்தேன் என்று முடிவு கட்டி, மீசையைச் சவரம் செய்யாமல் புதைக்க வேண்டும் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டேன். கட்டில் ஒரு சம்பான் படகாகி ஆற்றில் போனது. தகரக் கூரை வழியாக மேகங்கள் உள்ளே வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்தன. மேகங்களில் ஒன்று ஈரத்துணியால் என் நெற்றியைத் துடைத்து, "வாயத் தொறங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

டாக்டர் வந்தார். நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொரையிடம் இங்கிலீஷில் சொன்னார்: இந்த ஆள் கொயினாவே குடித்ததில்லை, இந்தப் பெண் பொய்க் கோடு போட்டிருக்கிறாள். தொரையின் முகம் மலர்ந்தது. இதை அவளுக்குச் சொல் என்றார் என்னிடம். தோட்டத்தில் மொழிபெயர்ப்பும் என் வேலைதான். காய்ச்சலுக்கு அதில் விலக்கு இல்லை.

"என்ன சொல்றாங்க?" என்றார் அக்கா.

"விரிப்புல சுருக்கமே இல்லையாம்."

"அதுக்கா இப்படி மொறைக்கிறாரு?"

கிராணி துப்பினான் என்று தெரிந்தால் என் வேலை போய்விடும். தெரியாவிட்டால் அக்காவின் வேலை போய்விடும். சம்பானிலிருந்து குதித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பஞ்சுக் கதை முழுவதையும் இங்கிலீஷில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை சொல்லி முடித்தேன்.

கண்ணைத் திறந்தபோது அக்காவின் விரல் என் கன்னத்துக்குள் இருந்தது. பஞ்சு இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்.

தொரை கத்தத் தொடங்கினார். அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

"வார்டுல சத்தம் போடக்கூடாதுன்னு சொல்லுங்க. இவருக்கு நூத்தி மூணு இருக்கு. காச்சல் எறங்கட்டும், அப்புறம் நானும் சேந்து திட்டுறேன்."

இதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. நாலைந்து 'தயவு செய்து' சேர்த்தேன்.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். நோட்டை மூடி அக்கா கையில் கொடுத்துவிட்டுத் தொரையிடம் ஒரே வரி சொன்னார். "உங்கள் நர்ஸை இங்கேயே இருக்க விடுங்கள்." தோட்டத்துப் பேரேட்டில் அக்கா வெறும் 'ஆஸ்பத்திரி ஆயா'. டாக்டரின் அந்த வரியை மட்டும் நான் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன்.  அக்கா பக்கத்துக் கட்டிலின் விரிப்பை இழுத்துவிட்டார். அது ஏற்கனவே சரியாகத்தான் இருந்தது.

தொரை என் வேலையைப் பிடுங்கவில்லை. இங்கிலீஷ் தெரிந்த இன்னொருவன் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். காய்ச்சல் ஐந்தாம் நாள் விட்டது. ஆறாம் நாள் காலை அக்கா என் நெற்றியில் புறங்கையை வைத்தார். உடம்பு குளுகுளுவென்று இருப்பது எனக்கே தெரிந்தது. முகத்தை முடிந்தவரை வாட்டமாக வைத்துக்கொண்டேன். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார்.

"ஒன்னுமில்ல, நல்லாயிட்டீங்க" என்றார். பிறகு, "கட்டிலு சும்மாதான கெடக்கு. இன்னும் ரெண்டு நாளு படுங்க."

அந்த இரண்டு நாள் தூங்கிய மாதிரி நான் அதற்குப் பிறகு எங்கேயும் தூங்கியதில்லை.