அக்கா வருவதற்காக வாய் மூடிய தெரு

வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் வருமா என்று கேட்பார்கள், வெயில் அடிக்குமா என்று கேட்பார்கள், சமையலறை எந்தத் திசை என்று கேட்பார்கள். உண்மையில் அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றே ஒன்றுதான். இங்கே வந்தால் நாம் உயிரோடு இருப்பதுபோல் இருக்குமா? இதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அப்படிக் கேட்காத கேள்விக்கு, தடபுடலாக ஆள் வைத்துத் தப்பான பதிலை ஏற்பாடு செய்த ஒரே மனிதன், எனக்குத் தெரிந்து, நான்தான்.

பெங்களூரின் ஓரத்தில், ஹெப்பகோடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினோரு வருடம் இருந்துவிட்டு நாங்கள் நகரத்துக்குள் அல்சூருக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வந்த முதல் வாரம் என் காதில் ஏதோ கோளாறு என்றே நினைத்தேன். விடிவதற்குள் கோயில் மைக். பிறகு எதிரே ரஹீம் பாய் டீக்கடையில் கிளாஸ் கழுவும் சத்தம். ஏழு மணிக்கு ‘முட்டை, நாட்டுக்கோழி முட்டை’ என்று அலறிக்கொண்டு ஒரு சைக்கிள் (முட்டைக்காரர் வாயே திறக்க மாட்டார், ஸ்பீக்கர்தான் தொழில் செய்யும்). அது போனதும் இஸ்திரி முனிராஜுவின் ரேடியோ. நடுவில் மாடிக்கு மாடி இரண்டு அம்மாக்கள் தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிக்கும் சண்டை. என் மனைவி வசந்திக்கு இதெல்லாம் இரண்டே நாளில் பிடித்துவிட்டது. எனக்கோ, இதெல்லாம் ஒரு குறையாகவே பட்டது. ஆனாலும் முட்டை வண்டி வந்தால்தான் குளிக்கக் கிளம்புவேன். அதை மட்டும் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

எங்கள் வீட்டுக்கு மேல் போர்ஷன் காலியானது. அதில் என் அக்கா கற்பகத்தைக் குடிவைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது. அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பவள் அவள் ஒருத்திதான். அவள் கணவர், மாமா தணிகாசலம், மின்வாரியத்தில் ஓய்வு பெற்று, கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு வில்லா வாங்கிப் போட்டிருந்தார். மகள் ஆஸ்திரேலியாவில். வீட்டை விற்றுவிட்டு வேறு ஊர் போகலாமா என்று இருவரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் எனக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை வரை கெடு கொடுத்தார். அதற்குள் அக்கா சரி என்று சொல்லாவிட்டால் வேறொரு குடும்பம் வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை மாமா போன் செய்தார், ஞாயிறு காலை வீடு பார்க்க வருவதாக.

“ஏம்ப்பா சிவா, அந்தத் தெரு சத்தமா இருக்குமா? ஜனங்க நடமாட்டம் எல்லாம் எப்படி?”

வில்லாவில் வாழ்ந்து பழகிய மனிதர், பயப்படுகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

“அய்யய்யோ, சத்தமா? எறும்பு தும்மினாக்கூட இங்க எல்லாருக்கும் கேக்கும் மாமா. அவ்ளோ அமைதி.”

“ஓ” என்றார் மாமா. அந்த ‘ஓ’ கிணற்றில் கல் விழுந்த மாதிரி இருந்தது. அது ஏன் அப்படி இருந்தது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையிருந்திருக்காது.

“எதுக்குக் கேட்டாங்கன்னு கேட்டீங்களா?” என்றாள் வசந்தி.

“இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?”

“இல்ல, பொதுவாவே நீங்க எதையும் கேக்க மாட்டீங்க. அதான்.”

(பெண்டாட்டி சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று எழுதாத அனுபவக் கட்டுரை உலகத்தில் உண்டா?)

சனிக்கிழமை ரஹீம் பாயிடம் போனேன். டீக்கடைதான் எங்கள் தெருவுக்குச் சட்டசபை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணியிலிருந்து ஒரு மணி நேரம் மட்டும் தெரு கொஞ்சம் அடக்கி வாசிக்க முடியுமா என்று தலையைச் சொறிந்தேன்.

“அரே, உங்க அக்கா வர்றாங்கன்னா நம்ம அக்கா வர்ற மாதிரிதானே சார்! டென்ஷன் நக்கோ, கவலய விடுங்க. எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்.”

நான் கேட்டது கொஞ்சம். பாய்க்குக் கொஞ்சம் என்ற அளவே தெரியாது, அவர் டீயில் சர்க்கரை போடும்போதே அதைக் கவனித்திருக்க வேண்டும். ஞாயிறு காலை ஒன்பதரைக்கெல்லாம், இரண்டாம் சுற்று வந்த முட்டை வண்டி பக்கத்துத் தெருவுக்கு நாடு கடத்தப்பட்டது. கிரிக்கெட் பிள்ளைகள் ஏரிக்கரைக்குப் போனார்கள். பிஸ்கட்டைக் காட்டித் தெரு நாய்களையும் அந்தப் பக்கமே கூட்டிப்போனார்கள். கோயில் மைக் அணைந்தது. மட்டன் கடைக்காரர், கத்திச் சத்தம் கேட்கக் கூடாதென்று வாடிக்கையாளர்களை “பதினோரு மணிக்கு மேல வாங்க” என்று திருப்பி அனுப்பினார். வியாபாரம் நடந்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் சத்தம் வரும் என்று பாய் எல்லாக் கடை ஷட்டரையும் பாதி இறக்கச் சொன்னார். கடைக்காரர்கள் பாதி ஷட்டருக்கு அடியில் குனிந்து நின்று தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முனையில் வண்டிகளை மறித்து எச்சரிக்க முனிராஜுவையும் அவருடைய மச்சானையும் நிறுத்தினார். இருவரும் ஆளுக்கு ஒரு பீரோ அகலம்.

மாடியில் நின்று இதையெல்லாம் பார்த்து நான் பூரித்துப்போனேன். அந்தக் காட்சி வெளியூர்க் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெங்களூரில் வாழும் எந்தத் தமிழனுக்கும் பாதி ஷட்டர் என்றால் என்னவென்று தெரியும். காவிரிக்காக பந்த் என்றால் கடைகள் இப்படித்தான் நிற்கும், ஒரு கண் வியாபாரத்தில், ஒரு கண் தெருமுனையில். எனக்கே தெரிந்த விஷயம்தான். ஆனால் அன்று என் மூளையும் பாதி ஷட்டர்.

பத்தேகாலுக்கு மாமாவின் வெள்ளைக் கார் முனையில் திரும்பியது. தமிழ்நாட்டு நம்பர் பிளேட். உள்ளே பழைய தமிழ்ப் பாட்டு கொஞ்சம் உரக்கவே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. முனிராஜுவும் மச்சானும் ஓடிப்போய்க் காரை மறித்தார்கள். முனிராஜு குனிந்து சொன்னதைப் பிற்பாடு அவரே எனக்கு நடித்துக் காட்டினார்.

“சார், பாட்ட நிறுத்துங்க. கண்ணாடிய ஏத்திக்கோங்க. ஹாரன் பேடா, அடிக்காதீங்க. இவத்து ஒரு நாள் இந்தத் தெருவுல சத்தமே வரக் கூடாது, ஆயித்தா?”

(முனிராஜுவின் அம்மா தர்மபுரிக்காரர். அவருடைய ரேடியோவில் ஓடுவதும் தமிழ்ப் பாட்டுதான். அது மாமாவுக்கு எப்படித் தெரியும்?)

கார் நின்ற இடத்திலேயே இரண்டு விநாடி நடுங்கியது. பிறகு ரிவர்ஸில், மாமா பணியில் இருந்த காலத்தில் ஒருமுறைகூடக் காட்டியிராத வேகத்தில், போய் மறைந்தது. கையில் ஆரத்தித் தட்டுடன் வாசலில் நின்ற வசந்தி மாடியை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்க மாட்டேன், நாங்கள் இன்னும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

போன் செய்தேன். இருவருடைய போனும் அணைந்திருந்தது. மறுபடி செய்தேன், மறுபடியும் அதே. ஒரு மணி நேரம் இப்படியே போனது. இன்னொரு விஷயம், நான் சொன்னால்தான் தெருவை அவிழ்ப்பது என்று பாய் பிடிவாதமாக இருந்தார். சைகையிலேயே “ஆச்சா?” என்று கேட்டார். நான் சைகையிலேயே “இல்லை” என்றேன். சண்டைக்கார அம்மாக்கள் இருவரும் மாடியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு கண்ணாலேயே திட்டிக்கொண்டிருந்தார்கள்.

பதினொன்றரைக்கு அக்கா போன் எடுத்தாள்.

“டேய் சிவா! நீங்கள்லாம் நல்லா இருக்கீங்களா? கதவ நல்லா சாத்திக்கோ. நாங்க அத்திபெலே தாண்டி ஓசூர் வந்துட்டோம். வழியெல்லாம் உங்க மாமா என்னைத் தலையக் குனிஞ்சுக்கோன்னு சொல்லி, இடுப்பே போச்சுடா.”

பின்னால் மாமாவின் குரல் கேட்டது. “ஞாயித்துக்கெழம காலைல மட்டன் கடையில ஆள் இல்லன்னா அந்த ஊர்ல என்னமோ நடந்துருக்குன்னு அர்த்தம்! போன ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு!”

உண்மையைச் சொன்னேன். பந்த் இல்லை, கலாட்டா இல்லை, நான்தான். நீங்கள் அமைதி விரும்புவீர்கள் என்று நினைத்து நான்தான் செய்தேன். அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“அமைதியா?” என்றாள். குரல் உடைந்திருந்தது. “அந்த வில்லாவுல எனக்குப் பேச ஆளே இல்லடா. தெனம் கேட்டுக்குப் போய், எங்களுக்குக் கூரியர் வந்துச்சான்னு செக்யூரிட்டிகிட்ட கேப்பேன். எதுவும் வராதுன்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த ஒரு வார்த்தை பேசத்தான் போவேன். உங்க மாமா அதனாலதான சத்தம் இருக்குமான்னு கேட்டாரு. நீ எறும்பு தும்மல்னு சொன்ன. அப்பவே எனக்கு மனசு விட்டுப்போச்சு. சரி, தம்பி இருக்கானேன்னு வந்தேன்.”

மாடிக்கு ஏறி வந்து, ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற வசந்தி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

“அண்ணி, வெச்சிடாதீங்க. ஒரு நிமிஷம்.” மாடிச் சுவருக்குப் போனாள். “பாய்! போதும்! விட்டுடுங்க!”

ரஹீம் பாய் ஷட்டரைத் தூக்கினார். அவ்வளவுதான். மற்ற ஷட்டர்கள் கடகடவென்று ஏறின. இரண்டு மணி நேரமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக வெளியே வந்தது. மைக் பாடியது, ரேடியோ பாடியது, மட்டன் கடையில் கத்தி இறங்கியது. ஏரியிலிருந்து பிள்ளைகளும் நாய்களும் யார் முதலில் என்று ஓடி வந்தார்கள். முட்டை வண்டி நாடு திரும்பியது. எதிர்மாடி அம்மா, “இவ்ளோ நேரம் அடக்கிட்டு இருந்தேன், இப்ப சொல்றேன் கேளுடி!” என்று தமிழில் தொடங்கி அடுத்த மூச்சிலேயே கன்னடத்துக்குப் போனார். வசந்தி கையை நீட்டி, போனைத் தெருவின் மேல் பிடித்தபடி நின்றாள்.

போனிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“அது யாரு, முட்டை முட்டைன்னு?”

“அது தெனம் வரும் அண்ணி. எல்லாம் தெனம் வரும்.”

“என்னங்க,” என்றாள் அக்கா, எங்களிடம் அல்ல. “வண்டியத் திருப்புங்க.”

மாலை கெடு முடிவதற்குள் வீட்டுக்காரருக்குச் சரி என்று சொல்லிவிட்டோம். மாமா இரண்டாம் முறை அந்த முனையில் திரும்பியபோது முனிராஜுவே முன்னால் ஓடி, “ஹாரன் அடிங்க சார், நல்லா அடிங்க” என்று வழிகாட்டிக் கூட்டி வந்தார்.

இப்போது அக்காதான் முட்டைக்காரரிடம் நின்று கதை பேசுகிறாள் (அந்த மனிதருக்குப் பேச வரும் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது). மாமாவுக்கு டீக்கடையில் நிரந்தர ஸ்டூல். கரண்ட் போய்த் தெரு சட்டென்று அடங்கினால், மின்வாரியத்துக்காரர் அதற்குக் காரணம் சொல்ல வேண்டாமா? சொல்ல மாட்டார். ஸ்டூலில் இருந்தபடியே என் ஜன்னலைப் பார்த்துக் கத்துவார்:

“சிவா! உங்கக்கா வர்றாளா?”

மாடியிலிருந்து அக்கா பதில் கத்துவாள்:

“நான் வந்தாச்சு! இனிமே எங்கயும் போறதா இல்ல!”