மூலைச் செடிக்கு மூன்று வேளை

மருந்துக்கடைக்காரருக்கு இந்த உலகத்தில் சொந்தமென்று சொல்லிக்கொள்ள ஒரே ஓர் இடம்தான் இருந்தது. வீட்டு ஜன்னலோர நாற்காலி. நாளெல்லாம் கடையில் நின்றே காலம் தள்ளுகிறவர், மாலையில் அதில் சாய்ந்து பேப்பரை விரித்தால்தான் அவருக்குப் போன உயிர் திரும்பும். அந்த இடத்துக்குத்தான் இப்போது மனைவி குறிவைத்தாள்.

"என்னங்க, மணி பிளான்ட் மூலையில கிடந்து சோகை பிடிச்சுப் போச்சு. நாற்காலிய அங்க தள்ளிட்டு இதை ஜன்னல்கிட்ட வெக்கலாமே."

"வெளிச்சம் எதுக்கு? சத்து ஒழுங்கா உள்ள போனா எந்த உயிரும் மூலையிலயே தளதளன்னு இருக்கும்."

"நிஜமாவா?"

"ரெண்டே மாசம். இலை என் உள்ளங்கை அளவுக்கு வரலைன்னா நாற்காலிய எடுத்துக்க."

"வந்துட்டா?"

"நான் சொன்னதுதான் இந்த வீட்ல சட்டம்."

"சரி," என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னது இதுதான் முதல் தடவை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாளே உரக்கடையிலிருந்து தழைச்சத்து வந்தது. இலை மஞ்சளாகாமல் காக்கும் சைட்டோகைனின் என்ற ஹார்மோனும் வந்தது. தொழில் புத்தி விடுமா? தொட்டியில் சீட்டு எழுதி ஒட்டினார்: மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின்.

நான்காம் நாள் இலையோரமெல்லாம் கருகிவிட்டது.

"டோஸ் ஜாஸ்தியாயிடுச்சோ?" என்று கேட்டாள் மனைவி. குரலில் கேலியே இல்லை. அதுதான் அவரைக் குத்தியது.

தண்ணீரை ஊற்றி மண்ணை அலசினார். சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வாரத்துக்கு ஒரு மூடி என்று குறைத்தார். தழைச்சத்தால் புது இலைகள் அகன்றன. ஹார்மோனால் பழைய இலைகள் பச்சை மாறாமல் நின்றன. கடைக்குக் கிளம்பும்போது செடியிடம் சொல்லிக்கொண்டு போகிற அளவுக்கு உறவு முற்றியது.

கெடு முடிகிற அன்று உள்ளங்கையை வைத்து அளந்தார். இலை விரலையும் தாண்டிப் போயிருந்தது.

"ஒத்துக்கறேன். இனிமே நீங்க சொன்னதுதான் சட்டம்," என்றாள் மனைவி. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மறுநாள் மாலை வந்து பார்த்தால் ஜன்னலோரத்தில் செடி. மூலையில் நாற்காலி.

"ஜெயிச்சது நான்தானே?"

"நீங்களேதான். இலை பெருசாகி பீரோக் கதவத் தொறக்க முடியல, அதான் மாத்தினேன். உங்களுக்கென்ன? எந்த உயிரும் மூலையிலயே தளதளன்னு இருக்கும்னு சட்டமே போட்டுட்டீங்களே."

அவருக்குப் பிடித்த பதத்தில் டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அது ஒன்றுதான் ஆறுதல். பேப்பரை எங்கே வைப்பது என்று பார்த்தார். நாற்காலிக் கையில் சத்து மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. அதன்மேல், கிழிசலை ஒட்டவைத்த அவருடைய பழைய சீட்டு: மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின்.