நாலஞ்சு பூசணி

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் மிச்சமுள்ள நாற்பத்தோரு பூசணிகளும் நலம். அங்கே கோபித்துக்கொண்டு வந்திருக்கும் உங்கள் தங்கையின் நலத்தை உடனே தெரிவிக்கவும். முடிந்தால் ஆளையே அனுப்பி வைக்கவும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அவள் தன் பக்கத்தை மட்டும் சொல்லியிருப்பாள். நடந்தது இதுதான். "இலையுதிர் காலத்துப் பூசணி வந்திருக்காம், நாலஞ்சு வரவழைங்க" என்றாள். காய்கறிக் கடைக்குப் போன் போட்டேன். காலமெல்லாம் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்தவன் நான்; அளவைக் கூவும்போது ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னால்தான் எழுதுகிறவனுக்குப் பிழை வராது. அந்தப் பழக்கத்தில் "நாலு... அஞ்சு" என்று கணீரென்று சொல்லித் தொலைத்தேன். கடைப்பெண்ணும் பிழையில்லாமல் நாற்பத்தைந்து என்று எழுதிக்கொண்டாள். மறுநாள் காலை வண்டி வந்தது. இறக்கினார்கள், இறக்கினார்கள், இறக்கிக்கொண்டே இருந்தார்கள்.

"நாப்பதைத் திருப்பி எடுத்துக்கிறோம் சார்" என்று வண்டிக்காரர் சொன்னது உண்மை. நான் தலையாட்டியிருந்தால் இந்நேரம் உங்கள் தங்கை என் எதிரில் உட்கார்ந்து குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருப்பாள். ஆனால், மைத்துனரே, அந்த நேரம் பார்த்துக் கூடத்து ஜன்னல் வழியாக வெயில் விழுந்தது. அடடா! ஒருத்தி நீள்கழுத்துக்காரி, உடம்பெல்லாம் சந்தன நிறம். ஒருவன் கரும்பச்சை, பத்து விலா, விலாவுக்கு விலா ஒரே அகலம், டேப் வைத்தே பார்த்துவிட்டேன். இன்னொருவன் சாம்பல் நீலம். காய்க்கு நீலம் எதற்கு என்று யாரிடம் கேட்பது? ஒருவர் தலையில் சிவப்பு முண்டாசு வேறு கட்டியிருக்கிறார். இதையெல்லாம் திருப்பி அனுப்ப மனசு வருமா, நீங்களே சொல்லுங்கள்.

புத்தக அலமாரி, மாடிப்படி, வாஷிங் மெஷின் தலை என்று அடுக்கினேன். முண்டாசுக்காரருக்கு மட்டும் தரை குளிருமே என்று கட்டிலில் இடம் கொடுத்தேன். மதியம் கொஞ்சம் சாயலாம் என்று வந்த உங்கள் தங்கை பார்த்தாள். "எனக்கு முதுகுவலி, அதுக்கு மெத்தையா?" என்று அதைப் பிடித்துத் தள்ளினாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "மெதுவா, காம்பு உடைஞ்சிடும்"னு சொல்லிட்டேன். பெட்டியை எடுத்தாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் எனக்குப் பசித்தது. வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதவன் என்று உறவு முழுக்கப் பெயர் வாங்கியவன் நான். வேறு வழி? கழுத்துக்காரியை இரண்டாகப் பிளந்து, எண்ணெய் தடவி, பூண்டோடு ஓவனில் சுட்டு, மசித்து, மிளகு தூவி சூப்பாகக் குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மிளகினால் அல்ல. மறுநாள் பச்சைக்காரனைக் குடைந்து சோறும் வெங்காயமும் அடைத்துச் சுட்டேன். பாத்திரத்தையே தின்றுவிட்டதால் கழுவ ஒன்றுமில்லை. ஒரு மஞ்சள் காய் இருக்கு, வெந்ததும் முள்கரண்டியால சுரண்டச் சுரண்ட நூல் நூலா வருது, மச்சான்! உள்ளே யாரோ உட்கார்ந்து நூற்று வச்ச மாதிரி! நீலத்தானுக்கு உள்ளே ஆரஞ்சு நிறம். வெண்ணெயும் பட்டைத்தூளும் போட்டால் வேறு இனிப்பே வேண்டாம். விதையை உப்புப் போட்டு வறுத்து, அதைக் கொறிச்சுக்கிட்டேதான் இதை எழுதுறேன்.

எல்லாம் சரி, எதிர் நாற்காலி காலியாக இருக்கிறதே. "நல்லாருக்கா?"ன்னு கேட்க ஆளில்லை. அவ இல்லாம ருசி பாதிதான், மச்சான். கட்டிலைக் காலி செய்துவிட்டேன். காலில் விழாத குறையாகக் கேட்கிறேன், அனுப்பி வையுங்கள்.

தாங்களும் தங்கள் இல்லத்தாரும் பசியும் பிணியும் இல்லாமல் பல்லாண்டு வாழ வேண்டும்.

பணிவன்புடன்,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அவளே வந்துவிட்டாள். பெட்டியை வாசலிலேயே வைத்தாள். சூப்பை நீட்டினேன். மூன்று கிண்ணம் குடித்தாள். "யாரு பண்ணது இது?" என்றாள். "நான்தான்" என்று மார்தட்டினேன். "முப்பத்தோரு வருஷமா இந்தக் கையை எங்கே வச்சிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, திறக்காத பெட்டியை மறுபடி தூக்கிக்கொண்டாள். உங்கள் வீட்டில் ஒரு மாதம் நிம்மதியாக இருக்கப் போகிறாளாம். என் சாப்பாட்டைப் பற்றி இனி அவளுக்குக் கவலையே இல்லையாம். இந்தக் கடிதத்தையும் அவளே கொண்டு வருகிறாள்.