கைகுலுக்கிய அரை நிமிடம்

நாடியைக் கட்டைவிரலால் பார்க்கக் கூடாது. கட்டைவிரலுக்கென்று சொந்தமாக ஒரு துடிப்பு உண்டு. அது நோயாளியின் துடிப்போடு கலந்து ஆளை ஏமாற்றிவிடும். சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றுக்குத்தான் அனுமதி. இதை மீறிய பயிற்சி மருத்துவர்களை அரசு மருத்துவமனை வராந்தாவில் நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன். (மிச்சத்தை வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது திட்டுவேன். குடும்பத்துக்கே மனப்பாடம்.)

நான் பழைய மாதிரி டாக்டர். முதலில் கண், பிறகு கை, கடைசியில்தான் இயந்திரம். ஓசூரில் தும்மினால் ஸ்கேன் எடுக்க எல்லை தாண்டி பெங்களூருக்கு ஓடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜுக்கும் ஆடித் தள்ளுபடிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. தலைவர் பிறந்தநாள் இலவச முகாம் என்றால் பேனரில் நோயாளியைத் தவிர எல்லார் படமும் இருக்கும். அரசியலும் மருந்தும் ஒரே பந்தலில் இருக்கக் கூடாது என்று சொல்லி இடமாற்றமே வாங்கியவன். இன்றும் அதையேதான் சொல்கிறேன். கல்யாணமும் அப்படித்தான், பெரியவர்கள் வீடு தேடி வந்து பேசி முடிக்க வேண்டும்.

அதனால் என் மகள் நிவேதா, தான் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கும் தொழிற்சாலையிலேயே மஞ்சுநாத் என்ற பையனைப் பிடித்திருக்கிறது என்றபோது, "அவங்க அப்பா அம்மாவ முறையா வரச் சொல்லு" என்றேன். நான் சம்மதித்துவிட்டேன், என் தூக்கம் சம்மதிக்கவில்லை. ஒரே மகள். அவர்கள் பக்கத்தில் பேரிகை என்ற ஊரில் தக்காளி போடுகிற, வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். பையன் குடிப்பானா, கோபக்காரனா, இவளை எப்படி வைத்துக்கொள்வான் என்று ஒரு வாரமாக விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை வந்தார்கள். பையன் ஒல்லி. கண்கள் பெரியவை. காபி டம்ளர் கையில் லேசாக நடுங்கியது. வெளியே சாரல், மேலே மின்விசிறி, அவன் நெற்றியில் வியர்வை. என் மனம் பாடப்புத்தகத்தைப் புரட்டியது: தைராய்டு அதிகம். நாடியை மட்டும் பார்த்துவிட்டால் உறுதி.

கைகுலுக்குவது எனக்குப் பிடிக்காத வழக்கம். அன்று நானே எழுந்துபோய்க் கையை நீட்டினேன். வலது கையால் குலுக்கிக்கொண்டே இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். கண் சுவர்க் கடிகாரத்தில். அரை நிமிடம் விடவில்லை. பையன் ஒன்றும் புரியாமல் சிரித்தான். அவன் அம்மா நெகிழ்ந்துபோய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாருங்க, அதுக்குள்ள எவ்ளோ பாசம்!"

நாடி குதிரை மாதிரி ஓடியது.

அடுத்து நான் செய்ததை எந்த மருத்துவ விதியும் மன்னிக்காது. என்னிடம் வைத்தியத்துக்கே வராத ஒருவனின் நோயை, சபையில், ஜாங்கிரித் தட்டுக்கு மேலாக அறிவித்தேன்.

"தம்பி, உங்களுக்குத் தைராய்டு கோளாறு. ரத்தப் பரிசோதனை முடியட்டும், மத்தத அப்புறம் பேசலாம். இது பரம்பரையா வரக்கூடியது."

"எங்க பரம்பரையா?" அம்மா எழுந்துவிட்டார். "பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க டாக்டர் சார். இல்லாத சீக்க எம்புள்ள தலையில கட்டாதீங்க. ஊருல நாலு பேரு காதுல விழுந்தா நாளைக்கி எவன் பொண்ணு குடுப்பான்?"

"அம்மா, சும்மா இரு. நான் டெஸ்ட் எடுத்துக்கறேன் சார்" என்றான் மஞ்சுநாத்.

"நீ ஒண்ணும் எடுக்க வேணாம். பதரா!" என்று மகனைத் தெலுங்கில் அதட்டினார். "போலாம்!"

அவன் அப்பா பாதி ஜாங்கிரியைத் தட்டில் வைத்துவிட்டுப் பின்னால் போனார்.

கார் சத்தம் அடங்கியது. நிவேதா எதிரில் வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"அப்பா, எந்த வெரல்ல பாத்தீங்க?"

என் இடது கை அதுவாகவே நீண்டு காட்டிக்கொடுத்தது. கட்டைவிரல்.

அவள் என் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து எண்ணினாள்.

"நூத்திப் பத்து. உங்க நாடியத்தான் நீங்க எண்ணியிருக்கீங்க. அவரு நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா வந்தாரு. கை நடுங்குனது உங்களப் பாத்துப்பா. அளக்கிற கருவியே கோளாறு. எங்க பிரிவா இருந்தா சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி உங்கள ஓரமா வச்சிருவோம்."

"ஒட்டறத வாயில ஒட்டு" என்றாள் என் மனைவி சரோஜா.

மறுநாளே பழத்தட்டோடு பேரிகை போனோம். கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் தூக்கிக் காட்டி, நடந்ததை முழுதாக விளக்கினேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப ஓடுனது உங்க நாடி."

"ஆமாங்கம்மா."

"அப்ப சீக்கு உங்களுக்கு. பரம்பரையா வரும்னு நீங்கதான சொன்னீங்க? மொதல்ல நீங்க டெஸ்ட் எடுத்துட்டு வாங்க சார். ரிப்போர்ட் பாத்துட்டு நாங்க சொல்றோம்."

அந்தத் தர்க்கத்தில் ஓட்டை தேடினேன். இல்லை.

வெறும் வயிற்றோடு பரிசோதனைக் கூடத்தில் வரிசையில் நின்றேன். "பேக்கேஜா எடுத்தா லாபம் அங்கிள்" என்றது கவுண்டர் பெண். எடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பயத்தை அளக்க அந்தப் பேக்கேஜில் வசதி இல்லை. ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் பேரிகைக்கு அனுப்பினேன். நீல டிக் வந்தது. பதில் வரவில்லை.

அவர்களுடைய தெலுங்குக் கணக்கில் ஆஷாட மாதம் பிறந்தது, சுபப்பேச்சு கிடையாது. அது முடிவதற்குள் நமக்கு ஆடி பிறந்தது. நிவேதா என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், வாய்க்குப் போகாது. போன் அடித்தால் மூவரும் எழுந்து நிற்போம். அம்மா சொல்லாமல் கல்யாணம் இல்லை என்று மஞ்சுநாத் சொல்லிவிட்டானாம். வாழ்நாள் முழுக்க நான் பிரசங்கம் செய்த பண்பாடு அச்சு அசலாக எதிரில் வந்து நின்றது.

உறவுக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. இன்றுவரை நான் எந்த விசேஷத்துக்குள் நுழைந்தாலும் யாராவது ஒருவர் கத்துகிறார்: "பெரியப்பா வர்றாரு, எல்லாரும் கைய பாக்கெட்ல போட்டுக்கோங்க!"

கடைசியில் ஒரு காலை அந்த அம்மாவே கூப்பிட்டார். "ரிப்போர்ட்ட எங்க ஊரு டாக்டர்கிட்ட காட்டினோம். பரவால்ல, குடும்பம் நல்ல குடும்பம்தான், பயந்த சுபாவம்னு சொன்னாரு. முகூர்த்தம் பாக்கலாம் சம்பந்தி."

அன்று ஆவணி முதல் தேதி.