குடையரும் றீற்றா வீட்டுக் கூரையும்

மழைக்குப் பயப்படாத மனிதர்கள் கனடாவில் நிறையப் பேர் இருக்கலாம். மழையை விருந்தாளிபோல எதிர்பார்த்திருந்து, அது வந்ததும் குடையைத் தூக்கிக்கொண்டு அடுத்தவன் வீட்டுக் கூரையில் ஏறுகிறவர் ஒருவர்தான். அவர் குடையர். சொந்தப் பெயர் என்னவென்று ஸ்காபரோவில் யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியுமோ என்பது என் சந்தேகம். ஒருமுறை வங்கியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தாராம்.

அவர்மேல் எனக்கிருந்த எரிச்சலை முழுதாக எழுதினால் இந்தப் பக்கம் புகைந்துவிடும். கொஞ்சமாக எழுதுகிறேன்.

நானும் கூரைக்காரன்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. பிறகு கொழும்பு, மொஸ்கோ, ஜெர்மனி என்று அலைந்து கனடா வந்து, பார்க்டேலில் ஒரே அறையில் ஆறு பேர் முறை வைத்துப் படுத்த காலத்தில் சுத்தியல் பிடிக்கப் பழகினேன். ஒஷாவாவில் ஒரு கூரையிலிருந்து விழுந்து தோள் எலும்பு முறிந்தது. பொருந்தியதும் திரும்ப ஏறினேன். வேறு வேலை தெரியாது. இத்தனைக்கும் பிறகு ஸ்காபரோவில் கூரை என்றால் சனம் சொல்வது குடையரின் பெயரை. என்னைக் கண்டால், "தம்பி, குடையரின்ரை நம்பர் இருக்கோ?" என்று கேட்பார்கள்.

இந்த நாட்டு வீடுகளில் குளியலறைக் கழிவுக் குழாய் மூச்சுவிட வேண்டும் என்பதற்காக ஒரு பைப்பைக் கூரைக்கு மேலே நீட்டி வைத்திருக்கிறார்கள். அதுதான் வென்ற் பைப். ஒரு வீட்டில் இரண்டு மூன்றும் இருக்கும். அதன் அடியைச் சுற்றி ஒரு றப்பர் கொலர் இருக்கும். கொலர் வெடித்தால் மழைத்தண்ணீர் பைப்பைப் பிடித்துக்கொண்டு நேரே இறங்கி, குளியலறைக் கூரையில் தேத்தண்ணி நிறத்தில் ஒரு வட்டம் போடும். நாங்கள் எல்லோரும் வெயில் நாள் பார்த்து ஏறி, தாரைப் பூசிவிட்டு இறங்குவோம். குடையர் வெயிலில் வரவே மாட்டார்.

"காய்ச்சல் இல்லாத நேரம் டொக்டரிட்டைப் போய் என்னத்தைக் காட்டுறது? மழை பெய்யேக்கை கூப்பிடுங்கோ" என்பார்.

மழை பெய்யும்போது வருவார். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மேலே போய், ஒரு பைப்புக்கு மேலே குடையை விரித்துப் பிடிப்பார். தான் நனைவார். பைப் நனையாது. வீட்டுக்காரர் குளியலறையில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"நிண்டிட்டுதோ?" என்று கூரையிலிருந்து கத்துவார்.

"இல்லை, ஒழுகுது!"

அடுத்த பைப்புக்குப் போவார். "இப்ப?"

"அங்கிள், ஸ்ரில் ட்ரிப்பிங்!" என்று வீட்டுப் பிள்ளை கத்தும்.

"தமிழிலை ஒழுகுதோ, இங்கிலீசிலை ஒழுகுதோ, வடிவாப் பார்த்துச் சொல்லு!"

எந்தப் பைப்புக்குக் குடை பிடித்ததும் ஒழுக்கு நிற்கிறதோ, அதுதான் குற்றவாளி. தெரு முழுக்க இந்த விசாரணையைக் கேட்கும். இடமே தெரியாமல் ஒரு வாளி தார் பூசுகிற எனக்கு, அந்தக் குடையைப் பிடுங்கி முறிக்க வேண்டும் போல இருக்கும். ஏனென்றால் அந்த யோசனை எனக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவி, கொட்டும் மழையில் ஒரு மனிதர் குடையோடு கூரை விளிம்பில் நிற்பதைக் கண்டு, குதிக்கப் போகிறார் என்று நினைத்துப் போன் பண்ணிவிட்டார். தீயணைப்பு வண்டி ஊளையிட்டுக்கொண்டு வந்தது. ஒரு வீரர் ஏணியில் ஏறி, மிக மெதுவாக, "ஐயா, எந்தக் கஷ்டமென்றாலும் பேசித் தீர்க்கலாம்" என்று ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னாராம். குடையர் அவர் கையில் குடையைக் கொடுத்து, "ஹோல்ட் திஸ். டோன்ற் மூவ்" என்றுவிட்டு, ஒழுக்கு நின்றதா என்று பார்க்கக் கீழே இறங்கிப் போய்விட்டார். அடுத்த மழைக்கு அந்தத் தீயணைப்பு வீரரின் வீட்டுக் கூரையில் நின்றார். அதே தெருவில் நான் ஒரு கோடை முழுக்க வேலை செய்தேன். எனக்குக் கிடைத்தது பார்க்கிங் ரிக்கற்.

இதையெல்லாம் நான் பொறுத்தேன். றீற்றா வீட்டுக்கு அவர் வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

றீற்றா மன்னார்க்காரி, கத்தோலிக்கம். கணவரை இழந்து பல வருடங்கள். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. மோர்னிங்சைட்டில் அவளுடைய வீட்டு பேஸ்மென்றில் நான் வாடகைக்கு இருந்தேன். எந்த ஊரிலும் இரண்டு குளிர்காலம் சேர்ந்தாற்போல் தங்காத நான் அந்த வீட்டை விட்டு அசையவில்லை. காரணம் பேஸ்மென்ற் அல்ல. ஆனால் வாய் திறந்து கேட்க முடியவில்லை. வந்த முதல் நாளே அவள் என்னை "அண்ணை" என்று கூப்பிட்டுவிட்டாள். எங்கள் ஆட்களிடம் அந்தச் சொல் ஒரு மதில். அதை ஏறிக் குதித்தவனை ஊர் மன்னிக்காது.

மேல்மாடிக் குளியலறை ஒழுகத் தொடங்கியபோது நான் சந்தோஷப்பட்டேன். இந்த ஒழுக்கை நிறுத்தினால் அந்தத் துணிவில் கேட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பாணுக்கு ஜாம் பூசுவதுபோலத் தார் பூசினேன். ஒழுகியது. இன்னொரு தரம் பூசினேன். முன்பைவிட நன்றாக ஒழுகியது.

"அண்ணை, குறை நினைக்காதையுங்கோ. குடையரை ஒருக்காக் கூப்பிடுவமோ?" என்றாள் றீற்றா.

மதிலுக்கு மேலே முள்ளுக்கம்பியும் அடித்துவிட்டாள்.

சித்திரை மழையில் குடையர் வந்தார். அவருக்கென்று நண்டுக் கறி கொதித்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்த வீட்டில் கிடைத்த உச்சபட்ச மரியாதை சோயாமீற். அதைவிடப் பெரிய அநியாயம், அவள் அவரை அண்ணை என்று சொல்லவில்லை. "வாங்கோ, இருங்கோ, நனைஞ்சு போனியள்" என்றாள். வெறும் "வாங்கோ". அதற்குப் பின்னால் ஒரு அண்ணையும் இல்லை. அவரும் தனிக்கட்டை என்பது என் நினைவுக்கு வந்தது.

என்னைக் குளியலறையில் நிறுத்திவிட்டு அவர் ஏறினார்.

"நிண்டிட்டுதோ?"

முதல் பைப்பிலேயே நின்றுவிட்டது. நான் சொல்லவில்லை.

"என்ன, ஆள் நித்திரையோ?"

"நிண்டிட்டுது!" என்று எனக்குப் பின்னாலிருந்து றீற்றா கத்தினாள்.

மழை விட்டுக் கூரை காய்ந்ததும் இருவரும் ஏறினோம். குடையர் என் தாரைச் சுரண்டச் சுரண்ட, "சீ, என்னடாப்பா, கேக்குக்கு ஐசிங் போட்ட மாதிரி" என்று முனகினார். அடியில் கொலர் தெரிந்தது. அது வெயிலில் வெடிக்கவில்லை. சுற்றிவரக் கத்தியால் கீறியதுபோல் அறுந்திருந்தது. பைப்பின் கழுத்தில் ஒரு துண்டு தங்கூசி, மீன் பிடிக்கிற நைலோன் நூல், இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"உதிலை என்னத்தைக் கட்டினது?"

"நத்தார் நட்சத்திரம்."

"ஆர் கட்டினது?"

"நான்தான்."

"பைப்பிலையோ கட்டுறது?"

"ஊரிலையெண்டால் பனையிலை கட்டுவம். இஞ்சை கூரையிலை நிமிர்ந்து நிக்கிறது பைப்தானே."

"எவ்வளவு பெரிய நட்சத்திரம்?"

முதல் கிறிஸ்மஸுக்குச் சாப்பாட்டுக் கோப்பையளவுதான் செய்தேன். றீற்றா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். அடுத்த வருடம் கதவளவு செய்தேன். காற்றில் அது பைப்பைப் பிடித்து மார்கழி முழுக்க ஆட்டியிருக்கிறது. தங்கூசி வாள்போலக் கொலரை அறுத்திருக்கிறது. நான் கையை அகல விரித்துக் காட்டினேன்.

குடையர் என் கைகளைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"நீ வேதக்காரனோ?"

"இல்லை, சைவம்."

"சைவக்காரன், வாடகைக்கு இருக்கிறவன், கதவளவிலை நட்சத்திரம் கட்டுறான்." தாடையைச் சொறிந்தார். "அவவுக்குத் தெரியுமோ?"

"எது?"

"நான் கொலரைப் பற்றிக் கேக்கேல்லை."

நான் அந்தத் தங்கூசித் துண்டை அவிழ்க்கத் தொடங்கினேன். அவர் புதுக் கொலரைப் பைப்பில் இறக்கினார். மேல்வரிசைக் கூரைத் தகடுகளைக் கிளப்பி, கொலரின் மேல்விளிம்பை அவற்றின் அடியில் செருகினார். கீழ்விளிம்பைக் கீழ்வரிசைத் தகடுகளுக்கு மேலே படியவிட்டார். ஆணித் தலைகளுக்கு மட்டும் ஒரு பொட்டுத் தார். "தண்ணியைத் தடுக்கப் பாக்கக்கூடாது, மோனை. போற வழியைக் காட்டிவிட்டால் அது தன்பாட்டிலை போகும்."

கீழே நண்டு பரிமாறியாயிற்று. எனக்கும் வைத்தாள்.

"அண்ணைக்கு இன்னுங் கொஞ்சம்..." என்று என் பக்கம் அகப்பையை நீட்டினாள்.

குடையர் நண்டுக்காலைக் கடித்து உடைத்தார். "தங்கச்சி, ஒண்டு கேக்கட்டோ? உங்களுக்கு எத்தினை அண்ணை வேணும்?"

அகப்பை நின்றது. றீற்றாவுக்கு ஒரே ஒரு அண்ணன் இருந்தார். சண்டைக் காலத்தில் போனவர், வரவில்லை. அது குடையருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஏணியைத் தூக்கி அவர் தலையில் போடலாமா என்று நினைத்தேன்.

"ஒருத்தர் போதும்" என்றாள் மெதுவாக.

"அப்ப அந்த வேலையை நான் எடுக்கிறன். உவரை அதிலையிருந்து நிப்பாட்டிப் போடுங்கோ. உவருக்கு அது சரிவரேல்லை. தங்கச்சி வீட்டுக் கூரையை ஆரும் நட்சத்திரம் கட்டி அறுப்பினமே?"

றீற்றா என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் நிறைந்துவிட்டது. அகப்பையோடு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் பெட்டி கட்டவேண்டியதுதான் என்று எழும்பினேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தேத்தண்ணி போடட்டோ?"

அவ்வளவுதான். பின்னால் அண்ணை இல்லை. குடையர் நிமிரவே இல்லை, நண்டிலேயே கவனமாக இருந்தார்.

தேவாலயத்தில் எங்கள் கல்யாணம் நடந்தபோது பெண்ணைக் கூட்டிவர ஆள் வேண்டுமே. எங்கோ வாங்கிய கோட்டோடு குடையர்தான் வந்தார். சனம் முழுக்க அவரைப் பார்த்தது. படக்காரனும் அவரைத்தான் எடுத்தான்; மாப்பிள்ளை நான் பாதிப் படங்களில் முழங்கையாக இருக்கிறேன். அவர் அவளை ஒரு கண்ணாடிச் சாமானைப்போல நடத்திக்கொண்டு வந்து, தார் போகாத விரல்களால் அவள் கையை எடுத்து என் கையில் வைத்தார். வைத்துவிட்டு விடவில்லை. பாதிரியார் தொண்டையைச் செருமிய பிறகுதான் விட்டார். முன்வாங்கில் போய் உட்கார்ந்து கைலேஞ்சியால் முகத்தை மூடிக்கொண்டார். றீற்றா அடிக்கடி திரும்பி அவரையே பார்த்தாள்.

எனக்கு இன்றைக்கும் பொறாமைதான். ஆனால் அன்றிலிருந்து குடையர்மேல் இல்லை. இப்படி ஒரு அண்ணன் கிடைத்த றீற்றாமேல்.