கனவென்று நினைத்துச் சொன்ன நன்றி

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்கா வீட்டுக்காரன் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். போன மாதம் வரை இந்த வரியை ஒப்புக்கு எழுதினேன். இன்று மனதார எழுதுகிறேன். காரணம் நீ.

அச்சகத்தில் எனக்கு நடந்த வழியனுப்பு விழாவில், முதலாளியிலிருந்து லிஃப்ட்காரர் வரை ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னவன், முன்வரிசையில் இருந்த உன் அக்காவை மறந்து தொலைத்தேன். என் கண் ஆபரேஷனுக்குப் பிறகு எட்டு மாதம் பிழை திருத்த வீட்டுக்கு வந்த புரூஃப் தாள் அத்தனையும் திருத்தியவள் அவள்; கையெழுத்து மட்டும் என்னுடையது. விழாவுக்குப் பிறகு அவளிடம் எதைக் கேட்டாலும் "ம்"தான். 'நண்றி'யை 'நன்றி' என்று ஆயுள் முழுக்கத் திருத்தினேனே தவிர, வீட்டுக்குள் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. கட்டிய மனைவியிடம் யாரப்பா நன்றி சொல்கிறார்கள்? நாக்கு எழவில்லை.

கனவிலாவது ஒத்திகை பார்க்கலாமென்று, விழிப்போடே கனவு காண நீ போனில் சொன்ன வித்தையைத் தொடங்கினேன். மதியம் சாய்வு நாற்காலியில் படுத்து, "ஒண்ணு, இது கனவு, ரெண்டு, இது கனவு" என்று எண்ணியபடி உடம்பைத் தூங்கவிட்டு, அறிவை மட்டும் காவலுக்கு உட்கார்த்தி, ஒரு நாள் மூக்கு அரித்து, ஒரு நாள் எண்ணிக்கை தவறி, பத்தாம் நாள் கண்ணைத் திறந்தால் எதிரே உன் அக்கா! கனவில் எழுத்து நிலைக்காது என்றாயே, செய்தித்தாளைப் பார்த்தேன். முதலில் 'மழை', அடுத்து 'மலை', மூன்றாம் முறை 'மாலை'. சந்தேகமே இல்லை, கனவுதான். துணிந்து எழுந்து கைகூப்பி, "அந்த எட்டு மாசமும் நீதான் என் கண்ணு. நன்றி" என்று சொல்லிவிட்டேன்.

"என்ன இது, மேடையில பேசற மாதிரி?" என்று மூக்குக்கண்ணாடியை நீட்டினாள். மாட்டினேன். செய்தித்தாளில் 'மழை' 'மழை'யாகவே இருந்தது. கனவில்லை, நிஜமாகவே சொல்லியிருக்கிறேன்! அவள் கண் கலங்கியிருந்தது. பிறகு ஒரு மணி நேரம் விடாமல் பேசினாள், மச்சான்! உனக்கு என்ன கைமாறு செய்யப்போகிறேன்!

உன் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கி, தெளிவாக எழ வாழ்த்தும்,
மாமா

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதறேன். உறையை ஒட்டக் கொடுத்தார், படிச்சிட்டேன். விழிப்பாவது ஒண்ணாவது! ஏழு எண்ணறதுக்குள்ள குறட்டை. தூக்கத்திலேயே பத்து நாளும் எனக்கு நன்றி சொல்லிட்டுத்தான் இருந்தார். தூங்கறவர் சொன்னா செல்லாதுன்னு, நான்தான் நீ போன்ல சொன்னது என் காதிலயும் விழுந்ததால, எழுத்து தடுமாறட்டும்னு அவர் கண்ணாடியை ஒளிச்சு வச்சிட்டு உலுக்கி எழுப்பினேன். அவர்கிட்ட மூச்சு விடாதே. பயிற்சியை நிறுத்த வேண்டாம்னு மட்டும் எழுது. நன்றி வந்துடுச்சு, மன்னிப்பு இன்னும் வரல.